ஸ்கூபி டூ மிஸ்டரி இன்கார்ப்பரேட்டட்: அந்த வீடுகளில் அப்பா அம்மா ஏன் அப்படி இருக்கிறார்கள்?

நீங்கள் கேட்டது இரண்டு விஷயம். பழைய ஸ்கூபி டூ கார்ட்டூனில் பெற்றோர் என்று யாருமே தலைகாட்டாதபோது மிஸ்டரி இன்கார்ப்பரேட்டட் என்ற இந்தத் தொடரில் மட்டும் எல்லார் வீட்டிலும் ஏன் இப்படிப்பட்ட அப்பா அம்மா என்பது ஒன்று. பத்து வயது மகளுக்கு இதைக் காட்டலாமா என்பது இன்னொன்று. இரண்டாவதுக்குச் சின்ன பதில்: காட்டலாம், ஆனால் நீங்களும் கூட உட்கார வேண்டும், குறிப்பாக இரண்டாம் சீசனுக்கு. முதல் கேள்விக்குத்தான் நீளமாகப் பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இந்தத் தொடரின் உண்மையான மர்மமே அந்தப் பெற்றோர்தான். கதையின் முடிச்சுகளை அவிழ்க்காமல் இதைச் சொல்ல வழியில்லை. இன்னும் முழுதாகப் பார்க்காதவர்கள், சஸ்பென்ஸ் கெடக்கூடாது என்று நினைத்தால், பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

முதலில் பழைய தொடர் எப்படிப் பிறந்தது என்று பார்த்துவிடலாம். 1968 வாக்கில் அமெரிக்காவில் சனிக்கிழமைக் காலை கார்ட்டூன்களில் அடிதடி அதிகம் என்று பெற்றோர் அமைப்புகள் கடுமையாக எதிர்ப்புத் தெரிவித்தன. சூப்பர் ஹீரோ தொடர்கள் ஒவ்வொன்றாக ஓரங்கட்டப்பட்டன. அந்த இடத்தில் அடிதடி இல்லாத, ஆனால் விறுவிறுப்பான ஒன்றைப் போட சிபிஎஸ் தொலைக்காட்சியின் ஃபிரெட் சில்வர்மேன் விரும்பினார். ஹன்னா பார்பரா நிறுவனத்துக்காக ஜோ ரூபி, கென் ஸ்பியர்ஸ் இருவரும் எழுதிக் கொடுத்ததுதான் 1969 செப்டம்பர் 13 அன்று ஒளிபரப்பான முதல் ஸ்கூபி டூ. நான்கு இளைஞர்கள், ஒரு நாய், ஒரு வேன். பேய் வரும், துரத்தும், கடைசியில் முகமூடியைக் கழற்றினால் உள்ளே ஒரு பேராசைக்காரர் இருப்பார். பெற்றோரின் புகாரால் உருவான அந்தத் தொடருக்குள் நால்வரின் பெற்றோர் யாரும் இல்லை. அவர்கள் எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளைகள், பள்ளிக்கூடம் போகிறார்களா, வேனுக்குப் பெட்ரோல் போட யார் காசு கொடுக்கிறார்கள், ஒன்றும் தெரியாது. யாரும் கேட்கவும் இல்லை, கேட்கத் தோன்றாத அளவுக்கு அது வேடிக்கையாக இருந்தது.

அப்புறம் எத்தனையோ தொடர்கள், படங்கள் வந்தன. சிலவற்றில் பெற்றோர் வந்து போனதும் உண்டு. 2010ல் கார்ட்டூன் நெட்வொர்க்கில் தொடங்கி 2013ல் முடிந்த மிஸ்டரி இன்கார்ப்பரேட்டட்தான் அந்தக் கேள்வியைக் கையில் எடுத்து 52 எபிசோட்டுக்கு விடாமல் பிடித்துக்கொண்டது. மிட்ச் வாட்சன், ஸ்பைக் பிராண்ட், டோனி செர்வோன் ஆகியோர் உருவாக்கிய தொடர் இது. பிள்ளைகளை வேனிலிருந்து இறக்கி, கிரிஸ்டல் கோவ் என்ற ஒரே ஊரில், அவரவர் வீட்டில் கொண்டுபோய் உட்காரவைத்தார்கள். ஒரே ஊர் என்பதால் போன வாரம் பிடிபட்டவரின் குடும்பம் இந்த வாரம் கடைத்தெருவில் எதிரே வரும். செய்த காரியத்தின் விளைவு கூடவே தங்கிவிடும்.

அந்த ஊரின் பொருளாதாரத்தைக் கவனித்தீர்களா? 'உலகிலேயே அதிகம் பேய் உலவும் இடம்' என்று விளம்பரம் செய்து பிழைக்கிற சுற்றுலா ஊர் அது. பேய் உண்மை என்று நம்பும்வரை ஆள் வருவார்கள், கடை நடக்கும். ஆகவே ஒவ்வொரு தடவையும் ஃபிரெட், டாஃப்னி, வெல்மா, ஷாகி, நாய் ஸ்கூபி ஐவரும் முகமூடியைக் கழற்றும்போது ஊர்ப் பெரியவர்களின் வயிற்றில் அடிக்கிறார்கள். மேயருக்குக் கோபம், ஷெரிஃப் பிரான்சன் ஸ்டோனுக்கு எரிச்சல், வீட்டில் திட்டு. பழைய தொடரில் உண்மையைக் கண்டுபிடித்தால் பாராட்டு கிடைக்கும், இங்கே உண்மையைக் கண்டுபிடிப்பதே வீட்டுக்கு எதிரான காரியமாகிவிடுகிறது. உங்களுக்கு அந்தப் பெற்றோர் 'மோசம்' என்று படுவதற்கு முதல் காரணம் இதுதான். அவர்கள் குணக்கேடு மட்டும் அல்ல, அவர்களுடைய சாப்பாடு அந்தப் பொய்யில் இருக்கிறது.

இதற்கு மிகச் சரியான உதாரணம் வெல்மாவின் வீடு. அவளுடைய அம்மா அப்பா, ஆஞ்சி டிங்க்லியும் டேல் டிங்க்லியும், ஊரில் பேய் அருங்காட்சியகம் நடத்துகிறார்கள். அங்கே காட்சிக்கு வைத்திருப்பது என்ன? இந்தப் பிள்ளைகள் பிடித்துக்கொடுத்த போலிப் பேய்களின் உடைகள். 1969 தொடரைப் பார்த்தவர்களுக்கு அந்த உடைகளில் பலவும் அடையாளம் தெரியும். மகள் 'இது பொய்' என்று நிரூபித்த பொருளையே பெற்றோர் 'இது மர்மம்' என்று டிக்கெட் போட்டு விற்கிறார்கள். அந்த மகளே சுற்றுலாப் பயணிகளுக்கு வழிகாட்டி வேலையும் பார்க்க வேண்டியிருக்கிறது. எதையும் ஆதாரம் இல்லாமல் நம்ப மறுக்கிற வெல்மா எங்கிருந்து வந்தாள் என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டாம். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: தொடரில் இருக்கும் பெற்றோரில் எனக்கு மிகவும் பிடித்தவர் ஆஞ்சிதான். அவர் நம்புகிற விஷயத்தை மகள் நம்பவில்லை, இருந்தாலும் ஊரின் பழைய வரலாறு தேவைப்படும்போது பிள்ளைகள் தேடி வருவது அவரிடம்தான், அவரும் மறைக்காமல் சொல்கிறார்.

டாஃப்னி வீட்டில் பணத்துக்குக் குறைவில்லை. அவளுக்கு நான்கு அக்காக்கள், நால்வரும் ஆளுக்கொரு துறையில் கொடிகட்டிப் பறப்பவர்கள். இவள் மட்டும் பேய் துரத்திக்கொண்டு, பணமும் அந்தஸ்தும் தேடாத ஃபிரெட்டையும் காதலித்துக்கொண்டு திரிகிறாள் என்பது அப்பா அம்மாவின் குறை. இந்தக் கிளைக் கதையை இன்னும் நன்றாக எழுதியிருக்கலாம் என்பது என் கருத்து. முதல் சீசனில் டாஃப்னியின் கவலை முழுக்க ஃபிரெட் தன்னைக் கவனிப்பானா என்பதிலேயே சுற்றுகிறது. அக்காக்களோடு ஒப்பிடப்பட்டு வளர்ந்த பெண் ஏன் ஒருவனுடைய கவனத்துக்கு இவ்வளவு ஏங்குகிறாள் என்று நாமாகத்தான் கோடு இழுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது, தொடர் அதைச் சொல்லாமலே கடந்துவிடுகிறது.

ஷாகியின் பெற்றோரும் மேலோட்டமான வரைவுதான். பிள்ளை உருப்படவில்லை, நாயோடு சேர்ந்து கெட்டுப்போகிறான், ராணுவப் பள்ளிக்கு அனுப்பிவிடுவோம் என்பதே அவர்கள் பேச்சு. முதல் சீசன் முடிவில் அப்படியே செய்கிறார்கள்: ஷாகி ராணுவப் பள்ளிக்கு, ஸ்கூபி பண்ணைக்கு. பத்து வயதுப் பிள்ளைக்கு இந்தப் பிரிவுதான் முதலில் மனதைத் தாக்கும், தயாராக இருங்கள். இங்கே ஒரு அழகான விஷயமும் இருக்கிறது. ஷாகியின் அப்பாவுக்குக் குரல் கொடுத்தவர் கேசி கேசம், 1969ல் ஷாகிக்கே முதன்முதலாகக் குரல் கொடுத்தவர். புதிய ஷாகிக்குக் குரல் மாத்யூ லில்லார்ட், 2002 திரைப்படத்தில் ஷாகியாக நடித்தவர். ஆக, மகனைக் கடிந்துகொள்ளும் அப்பாவின் குரல் பழைய ஷாகியின் குரல். 2014ல் காலமான கேசத்தின் கடைசிக் காலப் பாத்திரங்களில் ஒன்று இது. அந்தக் காட்சிகள் எழுத்தில் மெலிந்திருந்தாலும் அந்தக் குரலால் எனக்கு நெஞ்சில் நிற்கின்றன.

சரி, இப்போது மையத்துக்கு வருவோம். ஃபிரெட்.

பழைய ஃபிரெட் வெறும் தலைவன், கழுத்தில் துணி கட்டிய அழகான பையன், திட்டம் போடுவான், அவ்வளவுதான். இந்தத் தொடரில் அவனுக்குப் பொறிகள் மேல் பைத்தியம். வலை, கயிறு, கூண்டு, இதைத் தவிர வேறு பேச்சே இல்லை, எதிரில் காதலி அழுதுகொண்டு நின்றாலும் அவன் கண் கயிற்றில்தான் இருக்கும். முதல் சில எபிசோட்டுகளில் இது வெறும் நகைச்சுவையாகத்தான் படும். அப்பா மேயர் ஃபிரெட் ஜோன்ஸ் சீனியர், எந்நேரமும் தேர்தல், ஊர்ப் பெயர், சுற்றுலா என்றே திரிபவர். மகனின் பொறிகள் அவருக்குத் தலைவலி. வீட்டில் அம்மா இல்லை. இதையெல்லாம் தொடர் போகிறபோக்கில் காட்டிவிட்டுப் போய்விடும், நாமும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டோம்.

இணையாக இன்னொரு கதை ஓடுகிறது. இதே ஊரில் ஒரு தலைமுறைக்கு முன்னால் மிஸ்டரி இன்கார்ப்பரேட்டட் என்ற இதே பெயரில் ஒரு துப்பறியும் குழு இருந்தது: பிராட் சைல்ஸ், ஜூடி ரீவ்ஸ், ரிக்கி ஓவன்ஸ், கேசிடி வில்லியம்ஸ், கூடவே பேராசிரியர் பெரிக்கிள்ஸ் என்ற பேசும் கிளி. நான்கு பேர், ஒரு விலங்கு. திடீரென்று காணாமல் போனார்கள். முதல் எபிசோட்டில் குகையில் கிடைக்கும் லாக்கெட்டிலிருந்து இந்த நூல் தொடங்குகிறது. மிஸ்டர் ஈ என்ற முகம் காட்டாத ஆள் அவ்வப்போது துப்பு அனுப்பி இவர்களை அந்தப் பழைய வழக்கின் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கிறார்.

முதல் சீசனின் கடைசியில் ஊரையே நடுங்கவைத்த 'ஃபிரீக்' என்ற பேய் பிடிபடுகிறது. முகமூடிக்குள் இருப்பது மேயர் ஜோன்ஸ். இத்தனை வருடமாக நாம் பார்த்துச் சிரித்த அதே செய்கை, முகமூடியைக் கழற்றுவது, இந்தத் தடவை ஒரு பையனின் அப்பா முகத்தில் போய் முடிகிறது. அதோடும் நிற்கவில்லை. பழைய குழுவை மிரட்டி ஊரைவிட்டு ஓட்டியவர் அவர்தான். அவர்கள் திரும்பி வராமல் இருக்க பிராட், ஜூடி தம்பதியின் கைக்குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு தன் மகனாக வளர்த்திருக்கிறார். அந்தக் குழந்தைதான் ஃபிரெட். பிணையாகப் பிடித்து வைத்த குழந்தைக்குப் பொறி மேல் ஆசை வந்தது எப்படி என்றால், அவனைப் பெற்றவர்களுக்கும் பொறி மேல் அதே பைத்தியம்! 25 எபிசோட்டாக நாம் சிரித்துக்கொண்டிருந்த பழக்கம், அவன் யார் வீட்டுப் பிள்ளை என்பதற்கான துப்பாக நம் கண்ணெதிரே கிடந்திருக்கிறது. துப்பறியும் கதைக்குள் குடும்பக் கதையை இவ்வளவு நேர்மையாகக் கோத்த கார்ட்டூன் எனக்குத் தெரிந்து மிகக் குறைவு. இங்கே ஏமாற்று வேலை இல்லை, துப்பு முழுவதும் முன்னாலேயே கொடுக்கப்பட்டிருக்கிறது.

அதற்கப்புறம் அவன் டாஃப்னியோடு நடந்த திருமண நிச்சயத்தை முறித்துக்கொண்டு பெற்றவர்களைத் தேடிப் போகிறான். பெரும்பாலான கதைகளில் இதற்கு ஒரே முடிவுதான்: உண்மையான அப்பா அம்மா கிடைப்பார்கள், கட்டிக்கொண்டு அழுவார்கள், சுபம். இரண்டாம் சீசனில் பிராடும் ஜூடியும் வருகிறார்கள். பொறியைப் பற்றிப் பேச வீட்டில் ஆள் கிடைத்துவிட்டது என்று ஃபிரெட் பூரித்துப் போகிறான். ஆனால் அவர்கள் திரும்பி வந்தது மகனுக்காக அல்ல, ஊருக்கடியில் இருக்கும் சபிக்கப்பட்ட புதையலுக்காக. அதைக் காட்டிக்கொடுக்கும் வட்டின் துண்டுகள்தான் அவர்களுக்கு வேண்டும். திருடி வளர்த்தவரிடம் கோணலாகவாவது பாசம் இருந்தது, பெற்றவர்களிடம் அது இல்லை. இரத்த உறவு என்றால் தானாகவே பாசம் வந்துவிடும் என்ற எண்ணத்தை ஒரு சிறுவர் தொடர் இப்படி முகத்துக்கு நேரே மறுத்ததை நான் பெரிய துணிச்சலாகவே பார்க்கிறேன். தத்துப்பிள்ளைகள், உறவினர் வீட்டில் வளரும் பிள்ளைகள் இதைப் பார்க்கும்போது வேறு மாதிரி இறங்கும். உங்கள் மகளின் தோழிகளில் அப்படி யாராவது இருந்து சேர்ந்து பார்ப்பதாக இருந்தால் இதை மனதில் வையுங்கள்.

பழைய குழு வெறும் கதைத் திருப்பத்துக்காக வைத்ததும் அல்ல. ஆளுக்கு ஆள் பொருத்திப் பாருங்கள்: பிராட் ஃபிரெட்டுக்கு, ஜூடி டாஃப்னிக்கு, கேசிடி வெல்மாவுக்கு, ரிக்கி ஷாகிக்கு, கிளி ஸ்கூபிக்கு. ரிக்கியும் கிளியும் ஒரு காலத்தில் ஷாகியும் ஸ்கூபியும் போல உயிருக்கு உயிராக இருந்தவர்கள். இப்போது ரிக்கிதான் அந்த மிஸ்டர் ஈ, டெஸ்ட்ராய்டோ என்ற நிறுவனத்தின் முதலாளி, கடைசியில் தன் கிளிக்கே அடிமையாகிக் கிடக்கிறார். கேசிடி மட்டும்தான் ஏஞ்சல் டைனமைட் என்ற பெயரில் வானொலி நிலையம் நடத்திக்கொண்டு, இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு மூத்த அக்கா மாதிரி கூடவே நிற்கிறார். அவர் தன் பெயரையே மறைத்திருந்தார் என்று தெரியவரும்போது பிள்ளைகள் உடைந்து போகிறார்கள், அதை முன்பே அறிந்தும் சொல்லாமல் இருந்த வெல்மா மேல் அதைவிடக் கோபம் வருகிறது. இரண்டாம் சீசனில் அவர் இவர்களைத் தப்பவைக்கும் போராட்டத்தில் உயிரையே விடுகிறார். ஆக, வளர்ந்தால் நீங்கள் இப்படித்தான் ஆவீர்கள் என்று ஐந்து பேர் எதிரில் நிற்கிறார்கள். அந்த ஊரில் பிள்ளைகளுக்குப் பார்த்து வளர ஒழுங்கான பெரியவர் அநேகமாக இல்லை என்பது அப்போதுதான் முழுதாக உறைக்கிறது.

இதற்கெல்லாம் மேல் கதை நிபிரு, அனுனாக்கி என்று மெசபடோமியப் புராணப் பெயர்களை வைத்து ஒரு தீய சக்தி வரை நீள்கிறது. அந்தப் பகுதி சிலருக்கு மிகவும் பிடிக்கும். எனக்கு அது ஒரு காரணத்துக்காக மட்டும் முக்கியம்: நூற்றாண்டுகளாக நான்கு மனிதர் ஒரு விலங்கு என்று குழு குழுவாக வந்து, அந்தச் சக்தியின் பிடியில் பேராசைக்கு இரையாகி, ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுத்திருக்கிறார்கள். பெரியவர்களின் கெட்ட குணத்துக்குக் காரணம் வெளியே இருந்து வந்த சக்தி என்று காட்டுவது எனக்கு முழுச் சம்மதம் இல்லை, மேயர் செய்ததை மேயரே செய்தார் என்று விட்டிருந்தால் இன்னும் வலுவாக இருந்திருக்கும்.

இறுதி எபிசோட்டுகளைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பெரியவர்கள் பலரும் இறந்துபோகிறார்கள், வெல்மாவின் நெருங்கிய தோழி மார்சியும் இறக்கிறாள். (இந்த இருவரின் உறவு வெறும் நட்பல்ல என்று டோனி செர்வோன் 2020ல் வெளிப்படையாகவே சொன்னார். தொடரில் அது நேராகச் சொல்லப்படவில்லை, பார்க்கிற கண்ணுக்குத் தெரியும்.) பிறகு அந்தச் சக்தி அழிக்கப்பட்டதும் அது இல்லாமலே நடந்த வேறொரு வரலாறு நிலைபெறுகிறது. ஊர் வெளிச்சமாக இருக்கிறது. இறந்தவர்கள் எல்லாரும் உயிரோடு இருக்கிறார்கள். எல்லா அப்பா அம்மாவும் அன்பானவர்கள், ஃபிரெட்டை வளர்த்தது பிராடும் ஜூடியுமே. ரிக்கியும் கேசிடியும் கணவன் மனைவி.

இது எளிய தப்பித்தல் என்று சொல்பவர்கள் உண்டு. ரப்பரால் அழித்துவிட்டு நல்ல பெற்றோரை வரைந்து கொடுத்த மாதிரிதானே என்கிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை, காரணம் அந்த ஐவருக்கும் பழைய வாழ்க்கை முழுவதும் நினைவில் இருக்கிறது. அன்பான அந்த அப்பா அம்மாவுக்கு இவர்கள் பட்ட எதுவும் தெரியாது. ஏங்கிய அன்பு கிடைத்துவிட்டது, ஆனால் கொடுப்பவர்கள் அந்நியர்கள், வீட்டில் தொங்கும் புகைப்படங்களில் இவர்கள் வாழாத வருடங்கள். மர்மம் என்று ஒன்றுமே இல்லாத ஊரில் இவர்களுக்கு என்ன வேலை? அந்த நேரத்தில் எழுத்தாளர் ஹார்லன் எலிசன் (தன் பாத்திரத்துக்குத் தானே குரல் கொடுத்தார்) இவர்களை மிஸ்கட்டானிக் என்ற கற்பனைப் பல்கலைக்கழகத்தில் சேரச் சொல்லிச் செய்தி அனுப்புகிறார். வேனை எடுத்துக்கொண்டு, போகிற வழியில் கிடைக்கிற மர்மங்களைத் தீர்த்துக்கொண்டு கிளம்புகிறார்கள். நான்கு இளைஞர்கள், ஒரு நாய், ஒரு வேன், கூடப் பெற்றோர் யாரும் இல்லை. 1969ல் நாம் கேட்காமல் விட்ட கேள்விக்கு, இந்தப் பிள்ளைகள் ஏன் வீட்டில் இல்லாமல் ஊர் ஊராகச் சுற்றுகிறார்கள் என்பதற்கு, 2013ல் கிடைத்த பதில் இது. உங்கள் முதல் கேள்விக்கு என் பதிலும் இதுதான்: பழைய தொடரில் பெற்றோர் இல்லாததன் காரணத்தைச் சொல்லவே இந்தத் தொடரில் பெற்றோர் இருக்கிறார்கள்.

இனி மகளுக்குக் காட்டுவது பற்றி. வரிசை மாற்றிப் பார்க்காதீர்கள், நடுவில் ஒன்றிரண்டு எபிசோட்டை விட்டாலும் பின்னால் புரியாது. முடிந்தால் அதற்கு முன் 1969 தொடரில் நான்கைந்து எபிசோட் காட்டிவிடுங்கள், அருங்காட்சியக உடைகளும் கேசி கேசம் குரலும் அப்போதுதான் அவளுக்கு அர்த்தமாகும். முதல் சீசனின் முற்பாதியில் ஷாகி, வெல்மா காதல் இழுத்துக்கொண்டே போகும், சிறு பிள்ளைகளுக்கு அது சலிக்கும், பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள், பாதிக்கு மேல் வேகம் எடுத்துவிடும். முதல் சீசனின் கடைசி இரண்டு எபிசோட்டையும் ஒரே மூச்சில் பாருங்கள், இடையில் தூங்க அனுப்பினால் பிள்ளை தூங்காது. இரண்டாம் சீசனின் பிற்பகுதியில் மரணங்கள் உண்மையான மரணங்களாகவே காட்டப்படுகின்றன, இரத்தம் இல்லை, ஆனால் கனம் உண்டு. எட்டு வயதுக்குக் கீழே தம்பி தங்கை இருந்தால் அந்தப் பகுதிக்கு அவர்களைச் சேர்க்க வேண்டாம்.

மேயரின் முகமூடி கழன்றதும் அவள் உங்களிடம் ஏதாவது கேட்பாள். பெரும்பாலும், 'அப்போ அவர் நிஜமாவே அவனை மகனாத்தான் நினைச்சாரா?' என்று. உடனே பதில் சொல்லிவிடாமல் இரண்டாம் சீசனையும் பார்த்துவிட்டு அவளையே சொல்லச் சொல்லுங்கள், அதற்குத் தேவையான துப்பு எல்லாம் அதில் இருக்கிறது.